எலும்புப்புரைக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டும் முன்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயதுங்க. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதே முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 3.2, எலும்புப்புரை என்கிறார்கள். கோவையில் ஓரிடத்தில், இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் (வேறு செல்லாக மாறக்கூடிய மூல செல்) எடுத்து ஏற்றினால் புது எலும்பு வளரும், ஜீன் தெரபியும் (மரபணு சிகிச்சை) வந்துவிட்டது என்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். செய்யலாமா? (வாசகி, கோபிச்செட்டிபாளையம்)

பதில்: வேண்டாங்க. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரலாம் என்பது ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்குத்தான். எலும்புப்புரைக்கு அது இன்னும் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் இருக்கும், நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல் பில் மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடலாம். எலும்புப்புரைக்கான ஜீன் தெரபி பெரும்பாலும் எலிகளிடம்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது.

மஜ்ஜையிலுள்ள மீசன்கைமல் ஸ்டெம் செல், எலும்பு செல்லாகவும் மாறும், கொழுப்பு செல்லாகவும் மாறும். வயதாக ஆகக் கொழுப்புப் பக்கமே சாய்கிறது. அம்மாவின் மஜ்ஜையையே எடுத்து ஏற்றினால் அதே வயதான செல்கள்தான் திரும்பப் போகும். அதுவும் ரத்தக்குழாய் வழியே ஏற்றினால் பெரும்பங்கு நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். கூடாமல் நிற்கும் ஒரு முறிவில் நேராகச் செலுத்திப் பார்ப்பது வேறு. இங்கே நலிந்திருப்பது உடம்பின் எலும்பு மொத்தமும்.

அம்மாவின் மஜ்ஜையில் இருக்கும் செல்களையே எலும்பு கட்டும் பக்கம் திருப்பும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது: டெரிபாரடைட். இந்தியாவிலேயே தயாராகிறது. நாளுக்கு 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ தோலடி ஊசி, வழக்கமாக 2 ஆண்டு வரை. மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் அது வீண். திறந்து 28 நாள் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள். முதல் சில ஊசிகளில் தலைசுற்றலாம், அதனால் உட்கார வைத்தே போடுங்கள்.

தொடங்கும் முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்கலைன் பாஸ்படேஸ் பார்க்க வேண்டும். மைலோமா (மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும், அதுவும் கட்டையை நசுக்கும். முன்பு எலும்பில் கதிரியக்க சிகிச்சை எடுத்தவருக்கு இந்த ஊசி ஆகாது. பாஸ்படேஸ் காரணமில்லாமல் ஏறியிருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வீடென்றால் ஃபுளூரைடு சோதனையும் செய்துவிடுங்கள் (சேலம், தருமபுரி பக்கம் இது பழைய தொல்லை). லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளூரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதி இருக்காது.

பலரும் கோட்டை விடுவது ஊசி முடிந்த பிறகு. அடுத்த மருந்து இல்லாமல் நிறுத்தினால் சேர்ந்த எலும்பு கரையத் தொடங்கும். உடனே, எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலத்தை ஆண்டுக்கொரு முறை 5 மில்லிகிராம் ஏற்றுவது ஒரு வழி. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் கூடாது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். இன்னொரு வழியான டெனோசுமாப் ஊசி என்றால் 6 மாதத்துக்கொரு முறை 60 மில்லிகிராம். அதில் தேதி தள்ளினால் வரிசையாகக் கட்டைகள் நசுங்கக்கூடும்.

ராகிக் களி தாராளமாகச் சாப்பிடட்டும், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. குடத்தை மட்டும் இனி வேறு யாராவது தூக்கட்டும்.