இரண்டு ‘கேஷ்’

கேள்வி: ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் பற்றிப் பள்ளி விழாவில் பேசப் போகிறேன். ‘காசு’தான் ‘கேஷ்’ ஆனது என்று அகராதியே சொல்கிறது. பட்டியலில் முதலாவதாக வைக்கலாம்தானே?

பதில்: அகராதியில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் ‘கேஷ்’ இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கும். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

‘கேஷா, கார்டா?’ என்று கடையில் கேட்கிறார்களே, அது முதல் பதிவு. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. ரோமானியர் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கும் அதே பெயர். இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்று மாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்று பொருள். பிறகு பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ‘இன்னிக்குக் கல்லா எவ்வளவு?’ என்று நம் கடைக்காரர் கேட்கும்போதும் இதே இடவாகுபெயர்தான். தமிழில் ‘காசு’ ஒருநாளும் பெட்டியைக் குறித்ததில்லை. அங்கேயே உங்கள் வாதம் அறுந்துவிடுகிறது. ஒலி ஒத்திருந்தால் மட்டும் போதாது. மிகப் பழைய பொருள் என்ன, பக்கத்து மொழிகளில் உறவுச்சொல் உண்டா, யார் வழியாகப் போனது என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

நம்முடையது இரண்டாவது பதிவு. ‘காசு’ என்று காதில் விழுந்ததைப் போர்த்துக்கீசியர், தங்கள் மொழியில் பெட்டிக்கு வழங்கும் ‘கைஷா’ போலவே எழுதிவிட்டார்கள். குழப்பத்தின் வேர் இது. அது ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றாகி, சிறு நாணயத்தின் பெயராக மட்டும் நின்றது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ‘வராகன்’ என்ற ஒரு பொற்காசு. அதாவது வராகனுக்கு 3,360 காசு. 1808ஆம் ஆண்டின் இருபது காசு செப்பு நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே பாரசீக எழுத்தில் ‘பீஸ்த் காஸ்’, அதாவது இருபது காசு என்றிருக்கும். கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’. நம் சொல் ஒரே முகத்தில் இரண்டு எழுத்தில்! நடுவில் சதுர ஓட்டை உள்ள சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

ஆகவே பட்டியலில் ‘கேஷ்: பழைய சென்னை நாணயம்’ என்றே எழுதுங்கள். முதலிடத்தைக் கட்டுமரத்துக்குக் கொடுங்கள். ‘கட்டமரான்’ இன்றும் ஆங்கிலத்தில் புழங்குகிறது. அடுத்து சுருட்டிலிருந்து போன ‘செரூட்’, மிளகுத்தண்ணியிலிருந்து போன ‘மல்லிகடானி’. இம்மூன்றிலும் யாரும் உங்களை மறுக்க முடியாது.