வாரச் சந்தைக்கு எத்தனை கடை?

கேள்வி: எங்கள் சிற்றூரில் வாரம் ஒருநாள் உழவர் சந்தை நடத்தச் சிலர் சேர்ந்திருக்கிறோம். காய்கறி விளைவிப்பவர்கள் 8 பேர் வருகிறோம் என்கிறார்கள். சோப்பு, கூடை, மட்பாண்டம் என்று கைத்தொழில் செய்பவர்கள் 15 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் இடம் கொடுக்கலாமா? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். காய்கறி வாராவாரம் தீரும். கூடை ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆளை மறுபடி வரவைப்பது காய்கறிதான். அதனால் 8 காய்கறிக் கடைக்கு 4 கைத்தொழில் கடை போதும். பெயர் கொடுத்த 15 பேரையும் வாரத்துக்கு நால்வராகச் சுழற்சியில் விடுங்கள். மாதம் ஒருமுறை முறை வரும், ஒவ்வொரு வாரமும் மேசையில் புதுப் பொருள் இருக்கும். காய்கறியில் மட்டும் ஒரே பொருளை இருவராவது கொண்டுவரட்டும். தக்காளி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் வராத வாரம் சந்தையே காலியாகத் தெரியும்.

இனிக் கணக்கு. கடைக்கு ஏற்ற கூட்டம் இல்லாவிட்டால் சந்தை படுத்துப்போகும். எத்தனை பேருக்கு விற்றால் வந்துபோன செலவும் கூலியும் கட்டும் என்று கடைக்காரர்களையே கேளுங்கள். 25 பேர் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 கடைக்கு 300 வியாபாரம். வருகிறவர் 3 கடையில் வாங்கினால் 100 பேர் வாங்க வேண்டும். வீட்டுக்கு இருவராக வந்தால் பணம் எடுக்கும் கை ஒன்றுதான். ஆக 200 தலை. அவ்வளவு கூட்டம் சேராது என்று தோன்றினால் 8 கடையோடு தொடங்குங்கள். நெருக்கமாக நிற்கும் 8 கடை களைகட்டும். பரந்து கிடக்கும் 20 கடை ஈ ஓட்டும்.

வந்த கூட்டத்தை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், எண்ணுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் சந்தைகளுக்கென்றே வகுத்த எளிய வழி இருக்கிறது: ஒவ்வொரு மணியிலும் நடுவே 10 நிமிடம், எல்லா வாசலிலும் உள்ளே வரும் பெரியவர்களை எண்ணி 6-ஆல் பெருக்க வேண்டும். ஒரு வாசலை விட்டாலும் கணக்குத் தப்பும்.

இடம் பார்க்கும்போது கடைக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர், நடைபாதைக்கு 4 மீட்டர் விடுங்கள். அதைவிடக் குறுகினால் இரண்டு பக்கமும் நின்று பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவே யாரும் நடக்க முடியாது. காலைச் சந்தை என்றால் கடையின் முதுகு கிழக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெயில் நேராக மேசையில் விழும். 2 மணி நேரத்தில் கீரை தலை தொங்கிவிடும், கூறு போட்டு வைத்ததை எவரும் தொடமாட்டார்கள். ஈரச் சாக்கும் தெளிக்கத் தண்ணீரும் ஒவ்வொரு கடையிலும் வேண்டும். கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் 15 முதல் 20 கிலோ எடை கட்டச் சொல்லுங்கள். 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிக் கட்டினாலே போதும். வெறும் கயிற்றை நம்பினால் ஒரு சுழற்காற்றில் கூடாரம் பறந்து ஆள்மேல் விழும்.

இடத்துக்காரரின் எழுத்துச் சம்மதம், உள்ளாட்சி அனுமதி, தராசுக்கு முத்திரை, உணவு விற்பவருக்கு உரிமம் ஆகியவற்றை உங்கள் ஊர்ச் சட்டப்படி முன்பே முடித்துவிடுங்கள். சமைத்த உணவு என்றால் சூடானது 60 பாகை செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும்.

விதிகளில் ஒன்றில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். மொத்தச் சந்தையில் வாங்கிவந்து 'எங்கள் தோட்டத்துக் காய்' என்று விற்பவர் எப்படியும் நுழைவார். அவர் விலையோடு விளைவித்தவர் போட்டி போட முடியாது. நல்ல விவசாயிதான் முதலில் கழன்றுகொள்வார். சேர்க்கும்போதே என்ன பயிர், எவ்வளவு நிலம், எந்த மாதம் அறுவடை என்று எழுதி வாங்குங்கள். பருவத்தில் ஒருமுறையாவது தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். விதைக்காத காய் மேசைக்கு வந்தால் அப்போதே எடுத்துவைக்கச் சொல்ல ஒரு பொறுப்பாளர் வேண்டும். குழு கூடி முடிவெடுப்பதற்குள் சந்தை கலைந்திருக்கும்.

வாடகை நிலையாக இருக்கட்டும். விற்பனையில் பங்கு கேட்பது சிறு கடைக்காரருக்கு நியாயமாகத் தெரியும், ஆனால் கல்லாவை யார் எண்ணிப் பார்ப்பது? பருவம் முழுவதுக்கும் ஆகும் செலவைக் கூட்டி, கடைகளின் எண்ணிக்கையாலும் வாரங்களாலும் வகுங்கள். 12 கடையில் 9 தான் தவறாமல் வரும் என்று வைத்து வகுத்தால் கையைக் கடிக்காது.

தொடக்க நாளை அறுவடை உச்சத்தில் வையுங்கள். முதல் வாரம் பாதி மேசை காலியாகப் பார்த்தவர் இரண்டாம் வாரம் வரமாட்டார். கிழமையும் நேரமும் மாறவே கூடாது, 3 மணி நேரம் போதும். மணி அடிக்கும் முன் விற்பனை கூடாது, முடியும் முன் யாரும் கடை கட்டவும் கூடாது. சரக்குத் தீர்ந்தவர் 'விற்றுத் தீர்ந்தது' என்று எழுதி மாட்டிவிட்டு உட்காரட்டும். புதுக் கடை கேட்டு வருகிறவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் எழுதுங்கள். எண்ணிய தலைக்கணக்கு தொடர்ந்து 4 வாரம் தேவையைத் தாண்டிய பிறகே அடுத்த கடைக்கு இடம் கொடுங்கள்.