‘சாப்பிட்டுப் பார்’ என்று ஜப்பானியரும் சொல்வார்கள்: புது மொழி கேள்வி-பதில்

புது மொழி படிப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எனக்கு வயது 52. இனிமேல் புது மொழி மண்டையில் ஏறுமா?

ஏறும். 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 6.7 லட்சம் பேர் இணையத்தில் எழுதிய ஆங்கில இலக்கணத் தேர்வை வைத்துச் செய்தது. இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேகம் 17 வயதுவாக்கில் குறையத் தொடங்குகிறது என்றது. அதைப் படித்துவிட்டு ‘17க்கு மேல் கதவு சாத்தியாச்சு’ என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு, தாய்மொழிக்காரரைப் போலவே பிசிறில்லாமல் பேசும் நிலையை எட்டுவது பற்றியது. உங்களுக்கு அது வேண்டுமா? ஒரு புத்தகம் படிக்க, பேரனுடைய நண்பனிடம் நாலு வார்த்தை பேச, அவ்வளவு தேவையில்லை. தொடக்கக் கட்டத்தில் சின்னக் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் வேகமாக முன்னேறுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. உச்சரிப்பில் மட்டும் தாய்மொழியின் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு மொழி தெரிந்தால் மறதிநோய் வராது என்கிறார்களே?

வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருமொழிக்காரர்களுக்கு அறிகுறிகள் தள்ளித் தெரிகின்றன என்றுதான் சில ஆய்வுகள் சொல்கின்றன. 2007இல் கனடாவில் செய்த ஆய்வில் சுமார் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தன. 2013இல் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்ததில் நாலரை ஆண்டுகள். பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் இரண்டு மொழிகளிலும் புழங்கியவர்கள். ஆறு மாதம் செயலியில் படிப்பதற்கும் அதே பலன் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால் பெரிய பலன் வேறு. சொந்த மொழி கண்ணில் படத் தொடங்கும். நாம், நாங்கள் என்று எதிரில் இருப்பவரைச் சேர்த்தும் விட்டும் சொல்கிறோமே, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்தோனேசிய மொழியிலோ ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று முழுக்க, நான் எத்தனை முறை ‘நாங்கள்’ என்று சொல்லி யாரை வெளியே நிறுத்துகிறேன் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கற்க எளிதான மொழி எது? ஜப்பானியம்தான் உலகிலேயே கடினமாமே?

யாருக்குக் கடினம் என்று கேட்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனத்தின் பட்டியல் ஒன்று உண்டு. ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் என்கிறது. தமிழுக்கே 44 வாரம் போட்டிருக்கிறார்கள்! எல்லாம் ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு.

நமக்கு அது அப்படியே பொருந்தாது. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். ‘வீட்டில்’, ‘வீட்டிலிருந்து’ என்று நாம் பின்னால் ஒட்டுவதுபோல அவர்களும் ஒட்டுவார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ருசி பார்க்கச் சொல்ல, ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். கண்ணால் பார்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நாம் யோசித்ததே இல்லை. ஜப்பானியர் ‘தபெதெ மிரு’ என்பார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்ப்பது. கொரியத்திலும் இதே கதைதான். ஆங்கிலம் வழியாக இந்த இலக்கணத்தைப் படிப்பவர் ஒரு பாடம் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். நீங்கள் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடலாம்.

எழுத்து வேறு விஷயம். கொரிய எழுத்துகளை மன்னர் செஜோங் மக்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்றே உருவாக்கி 1446இல் வெளியிட்டார். இன்று அடிப்படை எழுத்துகள் 24தான். ஜப்பானியத்திலோ அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வகுத்த சீன எழுத்துகள் மட்டும் 2136. அங்கே பொறுமை வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எளிதான மொழி என்று தேடிப் போகாதீர்கள். எந்த மொழியின் பாட்டோ படமோ ஆட்களோ உங்களை இழுக்கிறார்களோ அதையே எடுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஜப்பானியத்தில் தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கின்’. வன்மையாக ஒலித்தால் தங்கம், மென்மையாக ஒலித்தால் வெள்ளி. நம் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. ஒரே ககரம், ஒரே பகரம் எழுதிப் பழகியதால் காதும் சில சமயம் கோட்டைவிடும். முதல் வாரமே அந்த மொழியின் எழுத்தைக் கற்றுக்கொண்டு, ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். (மேலே நானே ‘தபெதெ’ என்று எழுதியிருக்கிறேன். அதை அப்படியே படித்தால் தப்பாகத்தான் வரும். பாருங்கள்.)

செயலியில் 200 நாள் விடாமல் படித்தேன். ஆள் எதிரில் நின்றால் வாயே திறக்கவில்லை. ஏன்?

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது அடையாளம் காண்பது. பேசுவது, எதுவும் கண்முன் இல்லாமல் சொல்லை உள்ளிருந்து எடுப்பது. நீங்கள் 200 நாள் பழகியது முதலாவதை, தேவைப்பட்டது இரண்டாவது. செயலி மேல் குற்றமில்லை, அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பிரச்சினை. இனி விடைகளைக் கையால் மறைத்துவிட்டு முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் தொடுங்கள். இரவில் அன்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு நகர்ந்துவிட்டு, பிறகு அகராதியைப் பாருங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் சொற்களின் பட்டியல் அங்கேதான் உருவாகும்.

பேச ஆளில்லை என்பவர்களுக்கு ஒரு கதை. கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் நகரைத் தேடித் தோண்டிய ஷ்லீமன் 1844இல் ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியர் இல்லாமல் ரஷ்யன் படித்தார். மனப்பாடம் செய்ததை உரக்க ஒப்பிக்க எதிரில் ஒருவர் வேண்டும் என்று வாரக் கூலிக்கு ஒரு பெரியவரை உட்கார வைத்தார். அவருக்கோ ரஷ்யன் ஒரு சொல்கூடத் தெரியாது. சத்தம் தாங்காமல் மற்ற குடித்தனக்காரர்கள் முறையிட, ஷ்லீமன் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்ததாம். உங்களுக்குக் கண்ணாடி போதும்.

சொற்கள் மறந்துகொண்டே இருக்கின்றன.

எல்லோருக்கும்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்பதை 1885இலேயே பதிவு செய்துவிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் இழப்பு அதிகம். அதனால் ஒரே நாளில் இருபது முறை எழுதுவதைவிட இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது நல்லது. இதற்கு அட்டைகளும் ஐந்து அறை கொண்ட பெட்டியும் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறியது முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளை எப்போதாவதுதான் திறப்பீர்கள். அட்டையில் தனிச் சொல்லை எழுதாமல் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அதிகம் புழங்கும் முதல் 2000 சொற்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆங்கிலம் போன்ற மொழிகளில் சாதாரண எழுத்தில் ஐந்தில் நான்கு சொல் அதற்குள் அடங்கிவிடும்.

இலக்கணப் புத்தகத்தை முதலில் முடித்துவிடவா?

முடிக்க மாட்டீர்கள். ஒரு வாக்கியம் ஏன் அப்படி வருகிறது என்று உறுத்தும்போது அந்தப் பக்கத்தை மட்டும் திறங்கள்.

வேலைக்குப் போகிறேன். ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

அதையே நாளுக்கு 25 நிமிடமாகப் பிரித்துவிடுங்கள். அதில் பத்து நிமிடம் பழைய அட்டைகள், பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே வாசிப்பது, மீதி வாய்விட்டுப் பேசுவது. முடியாத நாளில் அட்டைகளை மட்டுமாவது புரட்டுங்கள்.