எல்லாத் தகவலும் இருந்தும் போஸ்டர் ஏன் நெரிசலாகத் தெரிகிறது?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்காக ஏ4 அளவில் ஒரு போஸ்டர் தயாரித்தேன். தலைப்பு, பேச்சாளர், நாள், நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் நடுவில் அடுக்கி, தடித்த எழுத்தில் போட்டு, சுற்றிலும் பார்டர் கொடுத்தேன். பார்ப்பவர்கள் நெரிசலாக இருக்கிறது என்கிறார்கள். நிறங்களை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கருப்பு வெள்ளையில் எடுபடாத அமைப்பை எந்த நிறமும் காப்பாற்றாது. ஆறு தகவல்களுக்கும் ஒரே முக்கியத்துவம் கொடுத்திருப்பதுதான் சிக்கல். எல்லாமே தடித்த எழுத்தாக இருந்தால் கண் எதில் போய் நிற்கும்?

கணினியைத் தொடுவதற்கு முன் தகவல்களை மூன்று படிகளாகப் பிரித்து எழுதுங்கள். கடந்து போகிறவரை நிறுத்த வேண்டியது தலைப்பு. நின்றவர் அடுத்துத் தேடுவது பேச்சாளரையும் நாளையும். மற்றவை, வர முடிவு செய்தவருக்கு. இந்தப் படிகளுக்கு இடையே அளவு வித்தியாசம் தாராளமாக இருக்கட்டும். 18 பாயிண்ட் எழுத்துக்குப் பக்கத்தில் 20 பாயிண்ட் வைத்தால் கவனக்குறைவு போலத்தான் தெரியும். சிறிய எழுத்து 16 என்றால் தலைப்பு 60க்குக் குறைய வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு வரியை முழுக்கப் பெரிய எழுத்துகளில் போட்டு எடுத்துக்காட்டலாம். தமிழில் அதற்கு வழியில்லை என்பதால் அளவு, தடிமன், இடைவெளி மூன்றையும் நாம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது.

இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது இடைவெளியைத்தான். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே குழுவாகச் சேர்த்துக்கொள்ளும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இலேயே வெறும் புள்ளிகளை வைத்து இதை விளக்கியிருக்கிறார். உங்கள் போஸ்டரில் ஆறு வரிகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி இருந்தால் வாசகர் ஆறு தனிச் செய்திகளைப் பார்க்கிறார். நாள், நேரம், இடம் மூன்றையும் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி வைத்து, அந்தத் தொகுதிக்கும் பேச்சாளர் பெயருக்கும் இடையே 16 மில்லிமீட்டர் விட்டுப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட நீக்காமலே நெரிசல் குறையும். ஒரே தொகுதிக்குள் வரிகளை நெருக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: ‘கி’யின் மேற்கொக்கியும் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் உரசிக்கொள்ளக் கூடாது. எழுத்தளவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரியுயரம் (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரையுள்ள தூரம்) பாதுகாப்பானது.

நடுவில் அடுக்குவதையும் கைவிடுங்கள். இரண்டு மூன்று குறுகிய வரிகளுக்கு அது அழகுதான். ஆனால் வரிகள் கூடக்கூட, கண் ஒவ்வொரு முறையும் வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லா வரிகளையும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்குங்கள். வலப்பக்கம் ஏறி இறங்குவது குற்றமில்லை; தமிழின் நீண்ட சொற்களை இரு பக்கமும் சமப்படுத்தப் போனால் நடுவே ஓட்டைகள் விழும்.

பார்டரை எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விடுங்கள். மிச்சமாகும் வெற்றிடத்தை எங்கும் சமமாகப் பரப்பாமல் ஒரு பக்கமாகச் சேர்த்து வையுங்கள். தலைப்புக்குக் கீழே விடலாம், வலப்பக்கம் முழுதும் விடலாம். அங்கே ஏதாவது படம் வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும், தயவுசெய்து வைக்காதீர்கள்.

கடைசியாக, கண்களைப் பாதி மூடிக்கொண்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தலைப்பை முந்திக்கொண்டு வேறேதாவது தெரிந்தால் தலைப்பைப் பெரிதாக்க வேண்டாம், முந்தியதைச் சிறிதாக்குங்கள்.