விடியல் எத்தனை மணிக்கு? வீட்டு வழிபாடு: கேள்வி பதில்

வீட்டு வழிபாடு, ஜபம், விரதம் ஆகியவை பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ராசிக்கல், பெயர் மாற்றம், எண் கணிதம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஈசூன் வாசகி: ஐயா, பிரம்ம முகூர்த்தத்தில் தியானம் செய்ய மூன்றரை மணிக்கே எழுகிறேன். பகலில் அலுவலகத்தில் தூங்கி வழிகிறேன். மனம் பக்குவப்படவில்லையா?

மனத்தைக் குறை சொல்லாதீர்கள், அலாரத்தை மாற்றுங்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி, உதயத்துக்கு 48 நிமிடங்கள் இருக்கும்போது முடிவதுதான் பிரம்ம முகூர்த்தம். ஊரில், அதாவது தமிழ்நாட்டில், ஆறு மணியை ஒட்டி விடிகிறது. அதனால் அங்கே நாலரை மணி. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் விடிகிறது. நவம்பரில் கால் மணி முன்னே, பிப்ரவரியில் கால் மணி பின்னே, அவ்வளவுதான். ஆகவே நமக்கு அது சுமார் 5.25 முதல் 6.10 வரை. அதிகம் உறங்குகிறவனுக்கும் யோகம் கைகூடாது, உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். இரவு பத்தரைக்குப் படுங்கள். காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். அதுவரை கைபேசியைத் தொடாதீர்கள்.

தெம்பனீஸ் வாசகர்: சாம்பிராணிப் புகை வருகிறது என்று எதிர்வீட்டார் முறையிடுகிறார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் புகை தாழ்வாரத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஓர் ஊதுபத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கை எரியவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

செங்காங் வாசகி: இரண்டு சிறு பிள்ளைகள், முழுநேர வேலை. பூசைக்கு நேரமே கிடைப்பதில்லை.

உங்களுக்காகத்தான் திருமூலர் எழுதிவைத்திருக்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல். நான்கும் எல்லோருக்கும் இயலும் என்கிறார். இந்த ஊரில் பசுவுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், மற்ற மூன்று இருக்கின்றன. தேக்கா சந்தையில் வாங்கிய துளசித் தொட்டியிலிருந்து ஓர் இலையை வைத்துப் பிள்ளைகளோடு ஒரு தேவாரம் பாடினால் ஐந்து நிமிடம் ஆகும். கடினமானது கடைசியில் சொன்ன இன்சொல். காலை 7 மணிக்கு, காலணியைக் காணோம் என்று பிள்ளை அழும்போது அதைச் சொல்லிப் பாருங்கள். அதற்குமேல் ஒரு சாதனையை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

பிடோக் வாசகர்: ஈசூன் வாசகிக்குத் தந்த பதிலை ஏற்க முடியாது. என் பாட்டி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐந்து மணிக்கே விளக்கேற்றுவார். முன்னோர் நேரத்தை மாற்ற நீங்கள் யார்?

பாட்டி செய்தது முற்றிலும் சரி. மாறியது கடிகாரம். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன் இங்கே ஏறத்தாழ ஆறரைக்கு விடியும். பிரம்ம முகூர்த்தம் ஐந்தை ஒட்டித் தொடங்கும். பாட்டி சூரியனைப் பின்பற்றினார். நீங்கள் பாட்டியின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறீர்கள்.

ஜூரோங் வாசகர்: அப்படியென்றால் ஊர் நாள்காட்டியில் உள்ள ராகுகாலமும் தவறா?

ஊருக்குச் சரி. பகலை எட்டாகப் பிரிப்பது ராகுகாலம். திங்கட்கிழமை அதில் இரண்டாம் பங்கு. ஆறு மணி உதயத்துக்கு அச்சிட்ட 7.30 முதல் 9 வரை என்பது இங்கே சுமார் 8.30 முதல் 10 வரை ஆகும்.

பிடோக் வாசகர் (மீண்டும்): பஞ்சாங்கம் முனிவர்கள் தந்தது. ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும். பஞ்சாங்கம் கணிப்பவர்களே ஊரின் உதயத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். திதி முடியும் கணம் உலகெங்கும் ஒன்றுதான், ஆனால் சென்னையைவிட நமக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்னதாக விடிகிறது. அந்த இடைவெளியில் திதி மாறினால் ஏகாதசி விரதம் இங்கே ஒரு நாள், அங்கே ஒரு நாள் என்றுகூட வரும். உள்ளூர்க் கோயில்கள் தனியே நாள்காட்டி வெளியிடுவது இதற்காகவும்தான். இதற்குப் பிறகும் ஐயம் இருந்தால், நாளைக் காலை ஐந்து மணிக்குச் சன்னலைத் திறந்து கிழக்கே பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இரவு வேலை. எட்டு மணிக்கு வீடு திரும்புகிறேன். நான் என்ன செய்ய?

குளித்துவிட்டு, உறங்கும்முன் ஒரு மாலை, அதாவது 108 முறை ஜபம் செய்யுங்கள். மாலையின் தலைமணியான மேருமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நேரத்தைவிட ஒழுங்கு முக்கியம். விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

தோ பாயோ வாசகி: தைப்பூசக் காவடிக்கு எத்தனை நாள் விரதம்? பதிவு எங்கே?

48 நாள் இருப்பவர்கள் உண்டு, குறைவாக இருப்பவர்களும் உண்டு. குருவோ வீட்டுப் பெரியவரோ சொன்னபடி செய்யுங்கள். பதிவுக்குக் கோயில் அலுவலகத்தை அணுகுங்கள்.

பொங்கோல் வாசகர்: ஐயா, தியானத்துக்கு நாலரை மணிக்கு எழுவது நல்லதா?

ஈசூன் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாசிர் ரிஸ் வாசகி: விளக்கு அணையாமல் இரவு முழுவதும் எரிய என்ன எண்ணெய் ஊற்றலாம்?

எந்த எண்ணெயும் வேண்டாம் அம்மா. அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.