வாசகர் கேள்வி பதில்: கடல் கடந்த பிலிப்பினோக்கள்

வளைகுடா, சிங்கப்பூர், கனடா என்று எங்கே போனாலும் தமிழர்களுக்குப் பக்கத்து வீட்டிலோ பக்கத்து மேசையிலோ ஒரு பிலிப்பினோ இருப்பார். அவர்கள் வெளிநாட்டில் கட்டிக்காக்கும் பழக்கவழக்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பக்கத்து ஃபிளாட் பிலிப்பினோ நர்ஸ்கள் ஹாலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திறந்தே வைத்து, மாதக்கணக்கில் சோப்பு, டின், துண்டு என்று நிரப்புகிறார்கள். எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் இப்போது செபுவில் இருக்கிறார். அவருக்கும் அதில் ஏதாவது வைத்து அனுப்பலாமா?
*வாசகி, ஷார்ஜா*

அதற்கு பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். ஒரு காலத்தில் ஊர் திரும்புகிறவர் தன்னோடு கொண்டுபோன பெட்டி. இப்போது ஆள் போகாமல் பெட்டி மட்டும் போகிறது.

முதலில், அந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரே விலாசம்தான். வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். நர்ஸின் குடும்பம் லூசோன் தீவில் இருந்தால், செபுவுக்கு யாராவது அங்கிருந்து தனியாக கூரியர் போடவேண்டும். அந்தச் செலவை நீங்கள் கொடுத்துவிடுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது, சுங்கம். 2016இல் வந்த சுங்கச் சட்டப்படி, வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் ஆண்டுக்கு மூன்று முறை வரை, 1,50,000 பெசோ மதிப்பு வரம்புக்குள், வரியில்லாமல் குடும்பத்துக்குப் பெட்டி அனுப்பலாம். சொந்த உபயோகப் பொருளாக இருக்கவேண்டும், விற்பனைக்கு என்று சந்தேகம் வரும் அளவில் இருக்கக்கூடாது. பாஸ்போர்ட் நகலும் பொருள் பட்டியலும் கேட்பார்கள். சலுகை அனுப்புகிறவர் பெயரில் இருப்பதால் உங்கள் பொட்டலத்துக்கும் அவரே பொறுப்பு. ஆகவே ஒட்டி மூடிக் கொடுக்காதீர்கள். திறந்தபடி கொடுத்து, உள்ளே என்ன, எத்தனை, என்ன விலை என்று எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுங்கள். பணம், நகை, சீட்டில்லாத மருந்து, போலி பிராண்ட் பை எதுவும் வேண்டாம்.

கட்டணம் பெரும்பாலும் எடைக்கு அல்ல, பெட்டியின் அளவுக்கு. அதனால்தான் டின் மாட்டிறைச்சி, குளியல் சோப்பு, காபித்தூள், சாக்லேட் என்று கனமானதாகப் பார்த்து நிரப்புகிறார்கள். ஜம்போ என்பது ஏறக்குறைய 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அடுக்குவதில்தான் சூட்சுமம். அடிப்பக்கத்தின் நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலும் டேப் ஒட்டவேண்டும். நடுவில் மட்டும் ஒட்டினால் தூக்கும்போது வாய் பிளந்துவிடும். டின்கள் அடியில். ஷாம்பு, லோஷன் மூடியைக் கழற்றி, வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, மேலே டேப் சுற்றி, தனிப் பையில் போடவேண்டும். சோப்பையும் சாக்லேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெயிலில் கிடக்கும் கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் இருந்து சாக்லேட் சோப்பாகவே மணக்கும். சந்துகளில் துண்டு, டி-ஷர்ட் திணிக்கவேண்டும். காலி இடம் இருந்தால், மேலே இன்னொரு பெட்டி ஏறும்போது உங்களுடையது நசுங்கும். ஒவ்வொரு பொருளிலும் யாருக்கு என்று மார்க்கரில் பெயர் எழுதுவார்கள். பெட்டி திறக்கிற அன்று பங்காளிச் சண்டை வராமல் இருக்க அது அவசியம்!

கப்பலில் போய்ச் சேர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். மணிலாவைத் தாண்டி மற்ற தீவுகள் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் செப்டம்பர் கடைசிக்குள் ஏற்றிவிட வேண்டும். மற்ற எல்லாரையும்விடப் பாதி விலை சொல்லும் ஏஜென்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். இங்கே வசூலித்த பணம் அங்கே உள்ள கூட்டாளிக்குப் போகாமல், பெட்டிகள் மணிலா துறைமுகத்தில் மாதக்கணக்கில் தேங்கிய சம்பவங்கள் உண்டு. அந்நாட்டு வணிக, தொழில் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று பார்ப்பது நல்லது.

ஆபீஸில் ஆள் சேர்க்கும் வேலை. பிலிப்பினோ ஊழியர்களின் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எது சரி?
*வாசகர், சிங்கப்பூர்*

மரியா கிறிஸ்டினா சாண்டோஸ் ரேயஸ் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மரியா கிறிஸ்டினா இரண்டும் சேர்ந்து இயற்பெயர். ரேயஸ் அப்பாவின் குடும்பப்பெயர். நடுவில் உள்ள சாண்டோஸ் அம்மாவின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர். நமக்கு அப்பா பெயர் இனிஷியலாக வருவதுபோல அவர்களுக்கு அம்மா வீட்டுப் பெயர் ‘எஸ்.’ என்று சுருங்கும். ஆங்கிலப் படிவத்தில் இடைப்பெயர் என்றால் இரண்டாவது இயற்பெயர் என்று நினைத்து, ‘மரியா கிறிஸ்டினா சாண்டோஸ்’ முழுவதையும் முதல் கட்டத்தில் அடித்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு, அதைப் பார்த்து எழுதினால் போதும்.

கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை ஏற்றால், ரேயஸ் நடுவுக்கு நகர்ந்து சாண்டோஸ் விழுந்துவிடும்: மரியா கிறிஸ்டினா ரேயஸ் க்ரூஸ். பழைய சான்றிதழும் புதிய பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், மோசடி அல்ல. திருமணச் சான்றிதழ் நகலைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சிலருக்கு நடுப்பெயரே இருக்காது. பெற்றோர் மணமாகாதவர்கள், குழந்தை அம்மாவின் குடும்பப்பெயரிலேயே பதிவானது என்றால் அப்படித்தான். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கி, ‘ஏன் காலியாக இருக்கிறது’ என்று நாலு பேர் முன்னால் கேட்டு வைக்காதீர்கள்.

சாண்டோஸ், ரேயஸ் என்று ஸ்பானியப் பெயர்களாக இருப்பதற்கு ஸ்பானிய ரத்தம் காரணமில்லை. 1849இல், ஸ்பெயின் பிலிப்பைன்ஸை ஆண்ட காலத்தில், கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளவேரியா ஒரு பட்டியலை அனுப்பி, குடும்பப்பெயர் இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். வரி வசூலுக்கு ஆள் அடையாளம் வேண்டியிருந்தது.

என் மனைவி பிலிப்பினோ, நான் இந்தியக் குடிமகன். துபாயில் குழந்தை பிறக்கப்போகிறது. இரண்டு பக்க உரிமையும் கிடைக்குமா?
*வாசகர், துபாய்*

பிலிப்பைன்ஸ் பக்கம் சிக்கல் இல்லை. 1987 அரசியல் சட்டப்படி தாயோ தந்தையோ பிலிப்பினோ குடிமகனாக இருந்தால் குழந்தையும் பிறப்பாலேயே பிலிப்பினோ. தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். 12 மாதம் தாண்டினால் தாமதத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் சேர்க்கவேண்டும்.

கவனம் வேண்டியது இந்தியப் பக்கம். பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவேண்டும். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டால் அந்த வாசல் அடைபடும். இந்தியக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் முதலில் அந்தப் பதிவை முடியுங்கள். 18 வயது நிரம்பி ஆறு மாதத்துக்குள் மறுநாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் குறித்துவையுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், பிரசவத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். தந்தையின் குடும்பப்பெயர் எது என்று பிலிப்பைன்ஸ் படிவம் கேட்கும். துபாய் பிறப்புச் சான்றிதழில் எப்படி விழுகிறதோ அதையேதான் இரண்டு தூதரகமும் பிடித்துக்கொள்ளும்.

மகன் டொரோண்டோவில் பிலிப்பினோ பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போகிறான். பெண் வீட்டுக்குப் போகிறோம். நாங்கள் சைவம்.
*வாசகி, மதுரை*

நீங்கள் போவதே அவர்கள் முறையில் ஒரு சடங்கு, பமமன்ஹிகன் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தோடு போய்ப் பெண் கேட்டு, தேதி, செலவு எல்லாம் பேசுவது. வெறுங்கையோடு போகாதீர்கள். கல்யாணச் செலவு மரபுப்படி மாப்பிள்ளை வீட்டார் தலையில், நம்மூருக்கு நேர் எதிர். இன்று இரு பக்கமும் பங்கு போடுவதும் உண்டு, ஆனால் பேச்சை நீங்களே எடுங்கள்.

சின்னவர்கள் வந்து ‘மானோ போ’ என்பார்கள். புறங்கை மேலே இருக்கும்படி கையை நீட்டுங்கள், எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். ஆசீர்வாதம் வாங்குவது அது, கைகுலுக்கிவிடாதீர்கள்.

சாப்பாட்டில் ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. பினக்பெட் காய்க் கூட்டுதான், ஆனால் அதில் பகூங் என்ற இறால் விழுது விழும், பன்றியிறைச்சியும் சேரலாம். கீரை வதக்கலில்கூட பாடிஸ் என்ற மீன் சாறு ஊற்றுவார்கள். ‘பகூங், பாடிஸ், இறைச்சி மூன்றும் வேண்டாம்’ என்று மகனை விட்டு முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

அறை நண்பர் வைக்கும் சினிகாங் சூப்பை நான் வைத்தால் ரசமாகிவிடுகிறது!
*வாசகர், தோஹா*

பழம்புளி போடுகிறீர்கள். அவர்கள் போடுவது பச்சைப் புளியங்காய். 4 பேருக்கு: அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் ஒன்றரை லிட்டர், இறால் அரை கிலோ, புளியங்காய் 250 கிராம், வெங்காயம் 1, தக்காளி 2, முள்ளங்கி 1, கத்தரிக்காய் 1, காராமணிக்காய் 10, நீளப் பச்சைமிளகாய் 2, வள்ளைக்கீரை (அங்கே கங்கோங் என்று விற்கும்) ஒரு கட்டு.

புளியங்காயைத் தனியே வேகவைத்து மசித்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், தக்காளியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு முள்ளங்கி, பிறகு மற்ற காய்கள். காய் வெந்த பிறகே புளிப்பு. முன்னால் ஊற்றினால் முள்ளங்கி எத்தனை நேரமானாலும் கடினமாகவே நிற்கும். மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போடுங்கள், வாசனைக்குத்தான் அது. இறால் 3 நிமிடம், கீரை போட்டதும் அடுப்பை அணையுங்கள். தாளிப்பு, மஞ்சள், பெருங்காயம் மூன்றுக்கும் இங்கே வேலையில்லை. பொட்டலப் பொடி போட்டால் அதிலேயே உப்பு இருக்கும், பாடிஸைக் கடைசியில் ருசி பார்த்து ஊற்றுங்கள்.

செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுப் போடுகிறார்களே?
*வாசகி, அபுதாபி*

ஆங்கிலத்தில் ‘பர்’ என்று முடியும் நாலு மாதமும் அவர்களுக்கு கிறிஸ்துமஸ் காலம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் சிம்பாங் காபி பூசை, ஊரில் விடியுமுன்னே நடக்கும். வெளிநாடுகளில் வேலை நேரத்துக்காக மாலையில் வைப்பதும் உண்டு. உங்கள் வீட்டுப் பணிப்பெண் பிலிப்பினோ என்றால், அந்த ஒன்பது நாளும் நேரத்தோடு விடுங்கள்.