போவது துரோகமா?

கேள்வி: அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இரவில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு இரண்டே பேர். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. “மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறாயா?” என்று மேற்பார்வையாளர் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் துரோகியா?

பதில்: இல்லை, சகோதரி. நிம்மதியாகத் தூங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கென்றே ஒரு நடத்தை நெறியை வகுத்தது. பற்றாக்குறையில் தவிக்கும் நாடுகளுக்குப் போய் ஆள் திரட்டாதீர்கள் என்று அது அரசுகளிடம் சொல்கிறது. 2023-ல் அப்படி 55 நாடுகளைப் பட்டியலிட்டார்கள். தாமாக விரும்பிப் போகிறவரின் உரிமையில் அதே நெறி கைவைக்கவில்லை. கட்டாயச் சட்டமாக இல்லாததால் பல அரசுகள் அதை வசதிப்படி மறந்துவிடுகின்றன என்பது வேறு வேதனை.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். வளரும் நாடுகள் பலவற்றில் படித்து முடித்த செவிலியர்கள் வேலையின்றி வீட்டில் இருக்கிறார்கள். வார்டுகளிலோ பணியிடங்கள் நிதியில்லை என்று காலியாகக் கிடக்கின்றன. பன்னிரண்டு பேருக்கு இருவர் என்ற கணக்கைப் போட்டது நீங்களா?

ஆனாலும் உங்கள் மேற்பார்வையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். நாளை இரவு அந்த வார்டில் நிற்கப்போவது அவர்தான். வென்டிலேட்டரின் எந்த ஒலிக்கு ஓட வேண்டும், ரத்த அழுத்தம் இறங்குமுன் நோயாளியின் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் ஆறு ஆண்டுகளில் உங்களுக்குப் படிந்த அறிவு. புதிதாக வருபவருக்கு அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. மீதமிருக்கும் வாரங்களில் இளையவர் ஒருவரை உங்கள் பணி நேரத்தில் கூடவே வைத்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள். அந்த வார்டுக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் அதுதான்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? அந்நாட்டில் செவிலியராகப் பதிவு பெறும்வரை உங்களை உதவியாளராக, குறைந்த சம்பளத்தில் வைப்பார்களா? முகவர் உங்களிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். ஆளெடுக்கும் செலவை வேலை கொடுப்பவர் ஏற்பதுதான் நியாயம். பதிவும் விசாவும் உறுதியாகும் முன் ராஜினாமா செய்ய வேண்டாம். ஊதியமில்லா நீண்ட விடுப்புக்கு உங்கள் விதிகளில் இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தேதி முடிவானதும், அடுத்த மாதப் பணிப் பட்டியல் போடுமுன், மேற்பார்வையாளரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.